பாலை மணலும் வாய்க்கால் நீரும்

1974ஆம் ஆண்டு வட இந்தியாவின் இமாசலப் பிரதேசத்தில், பியாஸ் ஆற்றின் குறுக்கே பொங் என்னும் அணை கட்டி முடிக்கப்பட்டது. காங்ரா மாவட்டத்து ஹல்தூன் பள்ளத்தாக்கு நீருள் அமிழ்ந்தது. நல்ல மழையும் நெல் விளையும் மண்ணும் கொண்ட பள்ளத்தாக்கு அது. 20,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் தமது வீடு வளவுகளை விட்டு எழும்ப வேண்டியதாயிற்று. அவற்றுள் காணிக்கு உரித்துடையவை என ஏற்றுக்கொள்ளப்பட்ட 16,000 சொச்சம் குடும்பங்களுக்கு இராஜஸ்தான் மாநிலத்துப் பாலைநிலத்திலே மாற்றுக் காணி தருவதென ஒழுங்கு செய்யப்பட்டது. குடும்பத்துக்கு 25 பீகா, அதாவது ஏறத்தாழப் பதினைந்தரை ஏக்கர்.

பதினைந்தரை ஏக்கர் என்றதும் எமது வாசகர்களிற் பலர் பெருமூச்சு விடுவார்கள். பத்துப் பரப்புத் தோட்டக் காணியை வைத்தே பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கியவர்கள் அல்லவா எம்மவர்கள்! ஆனால் காணியின் அளவு வேறு, அதன் மண் வேறு. காங்ராவில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். காணி ஒதுக்கப்பட்ட சிறீ கங்காநகர்ப் பகுதியில் 200 முதல் 250 மில்லிமீற்றர்தான். யாழ்ப்பாணத்தில் பெய்வதின் ஐந்திலொரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த மண் எப்படிப்பட்டது, ஏன் அப்படியானது, தண்ணீர் வந்ததும் அதற்கு என்ன நேர்ந்தது என்பவற்றையே இங்கு விளக்க முயல்கிறோம். ஒரு மண்ணிலே கமம் செய்து பழகிய கைகள் தெரியாத வேறொரு மண்ணில் இறங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எமக்குத் தெரியவில்லை.

பாலை என்றதும் காற்று அள்ளிக் குவித்த மணல்மேடுகளே நினைவுக்கு வரும். அது பாதி உண்மை. மேலே கிடப்பது காற்று கொண்டுவந்த மணல். அடியிலே கிடப்பது ஆறு கொண்டுவந்த வண்டல். இமயத்தின் அடிவாரக் குன்றுகளிலிருந்து இறங்கும் கக்கர் என்னும் ஆறு முற்காலத்தில் இந்த வழியாகப் பாய்ந்தது. இப்போது பருவமழைக் காலத்தில் மட்டும் தண்ணீர் கண்டு, பின்னர் மணலுக்குள் மறைந்துவிடும். அதன் பழைய கரையிலுள்ள காளிபங்கன் என்னும் இடத்தில் 1960களில் நடந்த அகழ்வாய்வின்போது, உழுத வயல் ஒன்று சால் குலையாமல் மண்ணுள் புதைந்து கிடக்கக் கண்டார்கள். ஏறத்தாழ கி.மு. 2800ஆம் ஆண்டளவினது. ஒரு திசைச் சால்கள் 30 சதமமீற்றர் இடைவெளியிலும், குறுக்குச் சால்கள் 1.9 மீற்றர் இடைவெளியிலும் ஓடியிருந்தன. அகழ்வு நடந்த காலத்திலும் அப்பகுதிக் கமக்காரர் இதே மாதிரி உழுது, நெருங்கிய சாலிலே கொள்ளும் அகன்ற சாலிலே கடுகும் விதைத்துக் கொண்டிருந்தார்களாம். ஆகவே இதைப் பயிர் காணாத மண் என்று எவரும் எண்ண வேண்டாம்.

ஆறு ஒருபோதும் ஒரே சீராக மண்ணைப் போட்டுவிட்டுப் போவதில்லை. வெள்ளம் வேகமாக ஓடிய இடத்தில் பருமணல் விழும். வேகம் குறைந்த இடத்தில் நுண்மணல். தேங்கி நின்ற இடத்தில் களி. அடுத்த வெள்ளத்தில் ஆறு வழிமாறினால், களிக்கு மேலே மணலும் மணலுக்கு மேலே களியும் படியும். இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகள். இதனால்தான் வண்டல் நிலத்தில் பத்து அடி தள்ளிக் கிண்டினாலும் வேறு மண் வருகிறது. மேலே பார்த்தால் எல்லாம் ஒரே மணல்போல் தெரியும். கமக்காரனை ஏமாற்றுவது இந்தத் தோற்றம்தான். கக்கரின் பழைய படுக்கையில் களி கூடிய இடங்களிலே, தண்ணீர் கிடைத்தபின் நெல்லே விளைந்தது. அதற்கு அருகிலேயே உள்ள மேட்டு மணலில் கம்பும் பயறும் தவிர வேறொன்றும் தலைதூக்காது.

இனி, இந்த மண் ஏன் காரமாயிருக்கிறது என்று பார்ப்போம். கற்பாறை சிதைந்து மண்ணாகும்போது அதிலிருந்து கல்சியம், மக்னீசியம், சோடியம் போன்ற பொருட்கள் வெளிவருகின்றன. மழை மிகுந்த நாட்டில் இவற்றைத் தண்ணீர் கழுவி ஆற்றோடும் கடலோடும் சேர்த்துவிடும். அதனால் அங்கெல்லாம் மண் புளிப்புப் பக்கம், அதாவது அமிலப் பக்கம் சாயும். எமது மலைநாட்டுத் தேயிலை மண் அப்படிப்பட்டது. பாலையிலோ மழை ஓரிரு முழம் மட்டும் இறங்கி நின்றுவிடும். வருடத்தில் வானம் தருவது 250 மில்லிமீற்றர் என்றால், வெயிலும் காற்றும் கேட்பது 1,500 முதல் 2,000 மில்லிமீற்றர். இறங்கிய தண்ணீர் திரும்ப மேலெழுந்து ஆவியாகும்போது, அது கரைத்துவைத்த பொருட்கள் மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. முதலில் படிவது சுண்ணாம்பு. மழை எவ்வளவு ஆழத்துக்கு இறங்குகிறதோ அந்த ஆழத்தில் வெள்ளைக் கட்டிகளாகத் திரண்டு கிடக்கும். அங்கத்தைய மக்கள் இதைக் கங்கர் என்பார்கள். இன்னும் சில இடங்களில் ஜிப்சம் படிந்து தடித்த படையாகவே இருக்கும். கரையும் உப்புகள் இவற்றுக்கும் பிந்தி, தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே அலையும்.

மண்ணின் அமிலத்தையும் காரத்தையும் அளக்க பீ.எச். என்னும் அளவுகோல் இருக்கிறது. 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். வெறும் சுண்ணாம்பு கலந்த மண் 8.2, 8.4 என்ற அளவில் நிற்கும். அதற்கு மேல் 9, 10 என்று ஏறினால் அங்கே சுண்ணாம்பு மட்டுமல்ல, சோடியமும் வேலை செய்கிறது என்று பொருள். இந்த இரண்டையும் பிரித்தறிவது மிக முக்கியம். அதைப் பின்னர் சொல்கிறோம்.

மணலைப் பற்றி ஒரு சொல். மணல் தண்ணீர் பிடிக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு மீற்றர் ஆழமான மணல் பயிருக்கென்று பிடித்துவைக்கக்கூடிய நீர் ஏறத்தாழ 60 மில்லிமீற்றர்தான். நடுத்தரமான தோட்ட மண் அதன் இருமடங்குக்கு மேல் வைத்திருக்கும். ஆனால் மழையை மட்டுமே நம்பிய பாலையில் இந்தக் கணக்குத் தலைகீழாக மாறுவதைப் பலர் அறியமாட்டார்கள். களிநிலத்தில் சிறுமழை பெய்தால் தண்ணீர் மேல் நாலு விரற்கடையிலேயே தங்கி, மறுநாள் வெயிலில் போய்விடும். மணலில் அதே மழை ஒரு முழம் இறங்கிவிடும். மேல்மணல் காய்ந்ததும் அதுவே மூடிபோல நின்று அடியீரத்தைக் காக்கும். காய்ந்த மணல்மேட்டில் கையை விட்டுக் கிண்டினால் உள்ளே குளிர்ச்சி தட்டுப்படுவதைக் கடற்கரைப் பிள்ளைகள் அறிவார்கள். பாலைநிலத்துப் பழைய குடிகள் இதை அறிந்தே மணலிற் கம்பையும் கொத்தவரையையும் நரிப்பயற்றையும் விதைத்தார்கள். வயலின் நடுவே நின்ற வன்னிமரங்களை வெட்டாமல் விட்டார்கள். கேஜ்ரி என்று அங்கே அழைக்கப்படும் இந்த மரம், எமது கோயில்களில் வன்னி வாழை வெட்டு என்னும்போது பெயரளவில் நாம் அறிந்த அதே வன்னிதான். அதன் ஆணிவேர் ஆழத்துக்குப் போய்த் தண்ணீர் தேடும். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீன். காய் மனிதருக்குக் கறி. மரத்தடியில் விதைத்த கம்பு மற்ற இடத்துக் கம்பைவிடச் செழிப்பாயிருக்கும். பொங் அணையால் வந்தவர்களுக்கு இவை எதுவும் பழக்கமில்லை. அவர்கள் அறிந்தது நெல், சோளம், மாட்டெரு, மலையருவி.

சத்து விடயத்தில் இந்த மண் மிக வறியது. சேதனப் பொருள் நூற்றுக்கு அரைப் பங்குகூட இராது. போட்ட யூரியாவை மேலேயே விட்டுவிட்டால், கார மண்ணில் அதன் நைதரசன் அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். பறக்காமல் எஞ்சியதும் அளவுக்கு மிஞ்சிய இறைப்பில் வேருக்குக் கீழே ஓடிவிடும். ஆகவே சிறிது சிறிதாக, பல தடவையாக, மண்ணுள் மறைத்துப் போட வேண்டும். பொசுபரசைச் சுண்ணாம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். நாகமும் இரும்பும் மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கரைந்து கிடைப்பதில்லை. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறை. எமது நாட்டிற் பாலைவனம் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு கலந்த மண்ணில் கச்சான் போட்டவர்கள் இந்த மஞ்சளைக் கண்டிருப்பார்கள். எரு, கூட்டெரு, குழை தாழ்த்தல் ஆகியவை பாலை மணலுக்கும் மருந்துதான், ஆனால் வெயிலில் விரைவில் எரிந்துவிடும். ஒருமுறை போட்டுவிட்டு மூன்று வருடம் இருக்கலாம் என்ற பேச்சு அங்கே செல்லாது. அடுப்புச் சாம்பலை இப்படிப்பட்ட மண்ணில் கொட்டாதிருப்பது நல்லது. சாம்பலும் காரமே.

இப்போது வாய்க்காலுக்கு வருவோம். பஞ்சாப்பில் சட்லெஜும் பியாசும் கூடும் ஹரிகே என்னும் இடத்திலிருந்து பாலைக்குத் தண்ணீர் கொண்டுவரும் வேலை 1958இல் தொடங்கியது. 1961இல் முதன்முதலாகத் தண்ணீர் விடப்பட்டது. இராஜஸ்தான் கால்வாய் என்று பெயர்பெற்று, பின்னர் 1980களில் இந்திரா காந்தி கால்வாய் ஆயிற்று. பஞ்சாப், ஹரியானா வழியாக வரும் பகுதியையும் சேர்த்தால் 649 கிலோமீற்றர் நீளம். இந்தக் கால்வாய்க்கு நீர் சேர்த்து வைப்பதற்காகவே பொங் அணை கட்டப்பட்டது. காங்ரா மக்களின் வயலை மூழ்கடித்த அதே தண்ணீர்தான் அவர்களுக்குக் கொடுத்த மணலுக்கும் பாய்ந்தது என்று சொன்னால் பிழையாகாது.

முதற்கட்டப் பரப்பில் 1,000 ஏக்கருக்குச் செக்கனுக்கு 5.23 கன அடி என்று தண்ணீர் கணக்கிடப்பட்டது. நாம் பென்சிலும் கடுதாசியும் எடுத்துக் கணக்குப் பார்த்தோம். இந்த அளவில் வருடம் முழுவதும் இடைவிடாது ஓடினால், நிலத்தின்மேல் ஏறத்தாழ 1,150 மில்லிமீற்றர் நிற்கும். வாய்க்கால் அப்படி எந்நாளும் ஓடுவதில்லை என்பது உண்மை. ஆயினும் 250 மில்லிமீற்றர் மழை கண்ட மண்ணுக்கு மேலே இன்னொரு யாழ்ப்பாணத்து மழையைக் கொண்டுவந்து கொட்டலாம் என்ற எண்ணம் அது. மணல் எல்லாவற்றையும் குடித்தது. தண்ணீர் எங்கே போகிறது என்று தொடக்கத்தில் எவரும் கவலைப்படவில்லை. மணல்தானே, இறங்கிவிடும்!

இறங்கிய தண்ணீருக்கு அடியிலே வழி இருக்கவில்லை. ஆறு முன்பு போட்ட களிப் படையும், இறுகிய கங்கரும், ஜிப்சமும் பல இடங்களில் தொட்டியின் அடித்தளம்போல் நின்றன. நிலத்தடி நீர்மட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் என்ற வேகத்தில் உயர்ந்தது. பல பத்து மீற்றர் ஆழத்தில் இருந்த நீர் சில இடங்களில் இருபது முப்பது வருடத்துக்குள் வேருக்கு வந்து சேர்ந்தது. சூரத்கர் பகுதியில் இன்னொரு வினையும் சேர்ந்துகொண்டது. கக்கர் வெள்ளத்தைத் திருப்பி மணல்மேடுகளுக்கு இடையிலான பள்ளங்களில் விட்டதால், அங்கிருந்து கசிந்த நீர் பக்கத்து ஊர்களின் வயல்களில் ஊறி எழுந்தது. பாலைவனத்து நடுவிலே சதுப்பும் நாணலும். விளைந்த வயல் கைவிடப்பட்டது, சுவர்கள் ஈரம் ஏறி விழுந்தன.

நீர்மட்டம் ஒன்றரை மீற்றருக்குள் வந்தால் அபாயம் என்று கொள்வார்கள். விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல மண் அந்த நீரை மேலே உறிஞ்சும். வெயில் நீரைக் கொண்டுபோகும், உப்பு மேலே தங்கும். அடியில் அலைந்துகொண்டிருந்த பழைய உப்பெல்லாம் இப்படி மேலே வந்து வெள்ளைப் பொருக்காகப் படியும். அப்போது தண்ணீர் நிறைய நின்றாலும் பயிர் வாடும். உப்புக் கரைசலிலிருந்து வேரால் நீரை இழுக்க முடியாது. வாடுகிறதே என்று கமக்காரன் இன்னும் இறைப்பான். கேடு இன்னும் கூடும்.

இந்த வெள்ளை உப்பு நிலத்துக்கு மருந்து நல்ல தண்ணீரும் வடிகாலும். நல்ல நீரால் உப்பைக் கழுவி, கழுவிய நீர் வெளியேற வழிசெய்தால் மண் மீளும். மணல் என்பதால் கழுவுவது எளிது. வடிகால் இல்லாமற் கழுவினால் உப்பு ஒரு முழம் இறங்கி, நாலு நாளில் திரும்ப வரும்.

சோடியம் ஏறிய கார நிலம் வேறு நோய். அங்கே சோடியம் களித்துணிக்கைகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பிரித்துவிடும். பிரிந்த துணிக்கை மண்ணின் துளைகளை அடைக்கும். மேலே தண்ணீர் கலங்கலாக நாட்கணக்கில் நிற்கும், அடியிலே ஒரு சாண் மண் காய்ந்தே கிடக்கும். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவலாம் என்று பார்த்தால் தண்ணீர் இறங்காது. இதற்கு மருந்து ஜிப்சம். அதிலுள்ள கல்சியம் சோடியத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் அமரும். தள்ளப்பட்ட சோடியத்தை அதன்பின் கழுவலாம். மண்ணில்தான் சுண்ணாம்புக் கட்டி கட்டியாகக் கல்சியம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் கார மண்ணில் சுண்ணாம்பு கரையாது. பூட்டிய பெட்டியில் உள்ள பணம்போல. அதனால் கூடுதல் சுண்ணாம்பு போடுவதாலும் பயனில்லை. ஹரியானாவில் கர்னால் என்னும் இடத்தில் 1969இல் நிறுவப்பட்ட மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையம், ஹெக்டேயருக்குப் பத்துப் பதினைந்து தொன் ஜிப்சம் இட்டு முதற்பயிராக நெல் வைக்கும் முறையைப் பரப்பியது. அது களி கூடிய சமவெளிக்கு. மணல் கூடிய நிலத்துக்கு அவ்வளவு தேவைப்படாது. இந்தியாவின் ஜிப்சத்தில் பெரும்பகுதி இராஜஸ்தானிலேயே வெட்டி எடுக்கப்படுகிறது. ஓரிடத்தில் தண்ணீரை மறித்துக் கெடுத்த அதே பொருள், தூளாக்கி மேலே இட்டால் இன்னோரிடத்தில் மருந்தாகிறது.

பட்டறிந்த பின்னர் சில திருத்தங்கள் வந்தன. இரண்டாம் கட்டத்தில் தண்ணீர்ப் பங்கு 1,000 ஏக்கருக்கு 3 கன அடியாகக் குறைக்கப்பட்டது. தூவல் முறை இறைப்புக்கு ஊக்கம் கொடுக்கப்பட்டது. வாய்க்கால் ஓரங்களில் யூக்கலிப்ரஸ் போன்ற நீர்குடிக்கும் மரங்களை நெருக்கமாக வைத்த இடங்களில் நீர்மட்டம் நன்றாகவே இறங்கியது. எமது ஊர்களில் யூக்கலிப்ரஸ் கிணற்றை வற்றச் செய்யும் என்று திட்டுவார்கள். அங்கே வேண்டப்பட்டது அதுதான்.

பொங் அணைக் குடும்பங்களின் கதை அவ்வளவு நேராகச் செல்லவில்லை. குறித்த காலத்துக்குள் வந்து குடியிருந்து பயிரிட வேண்டும் என்ற விதியைக் காட்டிப் பலரது காணிகள் இரத்துச் செய்யப்பட்டன. உள்ளூராரின் எதிர்ப்பு, மொழி, தூரம், வெயில் எல்லாம் சேர்ந்து, பலர் காணியைக் கைவிட்டும் விற்றும் மலைக்குத் திரும்பினார்கள். வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல் தீர்ப்பு வந்தது. அதற்குள் கங்காநகரில் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நல்ல காணிகள் பெரும்பாலும் பிறர் கைக்குப் போய்விட்டன. எஞ்சியோருக்குக் காட்டப்பட்டது இன்னும் மேற்கே ஜெய்சல்மேர் மாவட்டத்து இரண்டாம் கட்டக் காணி. அங்கே மழை இன்னும் குறைவு. அந்தக் கட்டத்தில் பல இடங்களில் இறுகிய படை பத்து மீற்றர் ஆழத்துக்குள்ளேயே இருக்கிறது. முதற்கட்டத்தில் நடந்ததை அறிந்தவருக்கு இதன் பொருள் புரியும். காணி காட்டப்படும்போது எத்தனை ஏக்கர் என்று கேட்பது வழக்கம். அடியில் எத்தனை அடியில் இறுகல் இருக்கிறது, வடிகால் எங்கே போகிறது என்று கேட்கவும் கமக்காரனுக்கு உரிமை உண்டு.

தெரியாத மண்ணுக்கு வந்தவர் செலவின்றிச் செய்யக்கூடிய சில சோதனைகள் உண்டு. இவை ஆய்வுகூடத்துக்கு ஈடல்ல, ஆனால் ஆய்வுகூடத்துக்கு எதை அனுப்புவது என்று காட்டித் தரும். முதலில் ஆள் நெஞ்சளவு ஆழத்துக்கு ஒரு கிடங்கு வெட்டுங்கள். சுவரைத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நிறம் எங்கே மாறுகிறது, அலவாங்கு எங்கே மறுக்கிறது, வேர் எங்கே மடங்கிப் பக்கவாட்டில் ஓடுகிறது என்று பார்த்து, ஒவ்வொரு படையிலும் ஒரு பிடி எடுத்து வையுங்கள். வெள்ளைக் கட்டி வந்தால் அதில் தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. நுரைக்காத பளபளப்பான வெள்ளை ஜிப்சமாயிருக்கலாம்.

பின் ஒவ்வொரு படையிலிருந்தும் காய்ந்த சிறு கட்டி ஒன்றை, மழைநீர் விட்ட கண்ணாடித் தம்ளரில் மெதுவாக இறக்கி, அசைக்காமல் விடுங்கள். கட்டி பொலபொலவென உதிர்ந்து நீர் தெளிவாக நின்றால் பயமில்லை. சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால்போலக் கலங்கினால் சோடியம் இருக்கிறது. உறுதிப்படுத்த மஞ்சள் போதும். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவப்பதை ஆலாத்தி கரைக்கும்போது எல்லோரும் கண்டிருக்கிறோம். மஞ்சள் தோய்த்து உலர்த்திய வெள்ளைத் துணியை, மண் கரைத்துத் தெளிந்த நீரில் தோயுங்கள். சற்று மங்கினால் வெறும் சுண்ணாம்பு மண்ணாயிருக்கலாம். நன்றாகச் சிவந்தால் அது கார நிலம். சவர்க்காரம் பட்ட கையாலும் துணி சிவந்துவிடும், ஆகையால் கையைக் கழுவிச் சுத்தமாக அலசிக்கொள்ளுங்கள்.

கிடங்கை உடனே மூட வேண்டாம். பக்கத்தில் இறைப்பு நடந்து இரண்டு நாள் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள். அடியில் தண்ணீர் ஊறி நின்றால், எத்தனை முழத்தில் நிற்கிறது என்று அளந்து குறித்து வையுங்கள். அடுத்த வருடமும் அதே மாதத்தில் அளந்து பார்க்க வேண்டும். மூடும்போது அடிமண்ணை அடியிலும் மேல்மண்ணை மேலிலும் போடுங்கள். வெட்டி எடுத்த கங்கரை வயலில் பரப்பிவிடாமல் வரம்போரம் குவித்து வையுங்கள்.